பல்லடம் – திருச்சூர்: சித்திரை வெயிலில் மூன்று லோடு கறிக்கோழி

சித்திரை பிறந்து ஒரு வாரம்கூட ஆகாத ஒரு நாள் பிற்பகல், பல்லடம் வட்டாரத்தில் நான் மருத்துவம் பார்க்கும் ஒப்பந்தக் கறிக்கோழிப் பண்ணை ஒன்றிலிருந்து அழைப்பு வந்தது. அன்று அதிகாலை அந்தப் பண்ணையில் ஏற்றிய 1,440 கோழிகளில் 61 திருச்சூரில் இறக்கும்போது செத்துக் கிடந்தன என்றும், மீதியுள்ளவற்றிலும் பல எழுந்து நிற்க முடியாமல் துவண்டு கிடக்கின்றன என்றும் பண்ணைக்காரர் சொன்னார். "நோவு ஏதாச்சும் இருக்குங்களா டாக்டர்? இன்னும் ரெண்டு லோடு ஏத்தணும்ங்க" என்பதுதான் அவருடைய கவலை. மாலையில் கொட்டகைக்குப் போய்ப் பார்த்தேன். எச்சம், மூச்சு, தீவன எடுப்பு எதிலும் குறையில்லை. கோழிகள் நோயால் சாகவில்லை, பயணத்தில்தான் செத்திருக்கின்றன என்பது தெளிவானதும், எஞ்சிய இரண்டு லோடுகளோடும் நானே வண்டியில் போவது என்று முடிவு செய்தேன். அந்த மூன்று லோடுகளிலும் கண்டவற்றை இங்கே பதிவு செய்கிறேன்.

பண்ணையில் ஏறத்தாழ 4,000 கோழிகள் பிடிப்புக்குத் தயாராக இருந்தன. சராசரி எடை 2 கிலோ 100 கிராம். வண்டி 20 அடி நீளமுள்ள திறந்த லாரி. மூன்றடிக்கு இரண்டடி அளவுள்ள பிளாஸ்டிக் பெட்டிகளைக் குறுக்கே இரண்டு, நீளவாக்கில் பத்து வரிசை, மேலே ஆறு அடுக்கு என 120 பெட்டிகள் அடுக்கி, பெட்டிக்கு 12 கோழி வீதம் ஏற்றுவது வழக்கம். பல்லடத்திலிருந்து கோவைப் புறவழிச்சாலை, வாளையார், பாலக்காடு, குதிரான் வழியாகத் திருச்சூர் ஏறத்தாழ 150 கிலோமீட்டர். தடையில்லாமல் ஓடினால் நான்கு மணி நேரப் பயணம்.

முதல் லோடு

முதல் லோடில் நான் இல்லை. ஓட்டுநர் சொன்னதையும், எடைமேடைச் சீட்டில் அச்சாகியிருந்த நேரத்தையும், இறக்குமிடத்துக் கணக்கர் அனுப்பிய படங்களையும் ஒன்றோடொன்று பொருத்திப் பார்த்துத்தான் நடந்ததை அறிந்தேன். இரவு ஒரு மணிக்கு வரவேண்டிய வண்டி டயர் பஞ்சரானதால் நாலே கால் மணிக்குத்தான் பண்ணைக்கு வந்தது. இடைப்பட்ட நேரத்தில் கோழிகள் பட்டினி கிடந்தால் எடை குறைந்துவிடும் என்று அஞ்சிய பண்ணைக்காரர், இரவு பதினொரு மணிக்குத் தீவனத் தொட்டிகளை மீண்டும் நிரப்பியிருக்கிறார். பிடிப்பு முடியும்போது மணி ஏழு இருபது. எட்டரைக்கு எடைமேடை; பத்து இருபதுக்கு வாளையார். அங்கே சிற்றுண்டிக்காக நாற்பது நிமிடம் வண்டி நின்றிருக்கிறது. வெயில் ஏறிவிட்டதால் மேலே தார்ப்பாய் போட்டு, பக்கவாட்டிலும் பாதிக்கு மேல் இறக்கிக் கட்டியிருக்கிறார்கள். கடைக்காரரிடம் குழாய் வாங்கிக் கோழிகளின் மேல் தண்ணீரும் அடித்திருக்கிறார்கள். திருச்சூர் போய்ச் சேர்ந்தபோது மதியம் ஒன்றரை. இறக்குமிடத்தில் முன்னால் வேறு வண்டி நின்றதால் மேலும் ஒன்றேகால் மணி நேரம் காத்திருந்திருக்கிறார்கள்.

இந்த நேரங்களைக் கூட்டினால், பிடிப்பு முடிந்த பிறகு வண்டி ஓடிய நேரம் நாலே முக்கால் மணிக்குள் அடங்கிவிடுகிறது; நின்ற நேரம் மட்டும் இரண்டரை மணிக்கு மேல் வருகிறது. ஓட்டுநரும் பண்ணைக்காரரும் வெயிலைத்தான் குற்றம் சொன்னார்கள். நான் அந்த இரண்டரை மணி நேரத்தைத்தான் முதலில் குறித்துக்கொண்டேன்.

கோழியின் உடலுக்குள் என்ன நடக்கிறது

கோழிக்கு வியர்வைச் சுரப்பிகள் கிடையாது. அதன் இயல்பான உடல் வெப்பமே 41 முதல் 42 டிகிரி செல்சியஸ். அது 46 டிகிரியைத் தாண்டினால் பிழைப்பது அரிது. ஆகவே இயல்புக்கும் சாவுக்கும் இடையே ஏறத்தாழ ஐந்து டிகிரி இடைவெளிதான் உள்ளது. வெளிக்காற்று 25 டிகிரிக்குள் இருக்கும்வரை கொண்டை, தாடி, கால்கள், சிறகின் அடிப்பகுதி ஆகியவற்றின் வழியே உடற்சூடு காற்றில் கலந்துவிடுகிறது. காற்றின் வெப்பம் கூடக் கூட அந்த வழி அடைபட்டு, வாயைத் திறந்து இரைத்து, மூச்சுக்குழாயின் ஈரத்தை ஆவியாக்கிச் சூட்டை வெளியேற்றும் ஒரே வழிதான் மிஞ்சுகிறது. அமைதியாக இருக்கும்போது நிமிடத்துக்கு இருபத்தைந்து, முப்பது முறை மூச்சுவிடும் கோழி, கடும் வெப்பத்தில் 200 முறைக்கு மேலும் இரைக்கும். அப்படி இரைப்பதே தசைகளுக்கு உழைப்பு. அந்த உழைப்பும் சூட்டை உண்டாக்குகிறது. அத்துடன் இரத்தத்திலுள்ள கரியமில வாயு அளவுக்கு மீறி வெளியேறுவதால் இரத்தத்தின் காரத்தன்மை கூடி, சிறுநீரில் பொட்டாசியம் போன்ற உப்புகள் இழப்பாகின்றன.

ஆவியாதல் நடக்க வேண்டுமானால் சுற்றியுள்ள காற்றில் ஈரத்தை ஏற்க இடம் இருக்க வேண்டும். ஒரு லோடின் ஆபத்து முழுவதும் இதில்தான் அடங்கியிருக்கிறது. இரண்டு கிலோ எடையுள்ள கோழி ஒன்று குறைந்தது 10 வாட் அளவுக்காவது வெப்பத்தை வெளியிடும் என்று கொண்டால், 1,440 கோழிகள் சேர்ந்து 14 கிலோவாட்டுக்கு மேல் வெளியிடுகின்றன. 1,500 வாட் வெந்நீர்க் கம்பிகள் ஒன்பதை அந்தப் பெட்டிகளுக்கு நடுவே வைத்து எரியவிட்டதற்கு அது சமம். அவ்வளவு சூட்டையும் இரைப்பின் வழியே மட்டும் வெளியேற்ற வேண்டுமானால் மணிக்கு 20 லிட்டருக்கு மேற்பட்ட தண்ணீர் ஆவியாகிப் பெட்டிகளுக்கிடையே கலக்க வேண்டும். வண்டி ஓடும்போது காற்று அந்த ஆவியை அள்ளிக்கொண்டு போய்விடுகிறது. வண்டி நின்றால் அது பெட்டிகளுக்குள்ளேயே தங்கி, சிறிது நேரத்தில் கோழி எவ்வளவு இரைத்தாலும் பயனில்லாத நிலை வந்துவிடுகிறது. தார்ப்பாயை இறக்கிக் கட்டிய வண்டியில் நின்றபடியே தண்ணீர் அடித்தது நல்லெண்ணத்தோடு செய்த காரியம்தான். ஆனால் ஏற்கெனவே ஈரத்தால் நிறைந்திருந்த காற்றை அது மேலும் ஈரமாக்கியிருக்கிறது.

ஓட்டுநர்களிடையே உள்ள ஒரு நம்பிக்கையையும் இங்கே சொல்ல வேண்டும். பாலக்காட்டுக் கணவாயைத் தாண்டிக் கேரளத்துக்குள் நுழைந்துவிட்டால் கோழிக்கு ஆபத்தில்லை என்று அவர்கள் உறுதியாக நம்புகிறார்கள். பச்சையையும் நிழலையும் பார்க்கும் மனிதக் கண்ணுக்கு அது சரியாகத் தோன்றுகிறது. கோடையில் தமிழ்நாட்டின் பல ஊர்களுக்கு இணையாகப் பாலக்காடும் காய்கிறது என்பது ஒருபுறமிருக்க, குதிரானைத் தாண்டியதும் கடற்காற்றின் ஈரம் கூடுகிறது. பல்லடத்தின் வறண்ட 37 டிகிரியில் இரைத்துத் தாக்குப்பிடிக்கும் கோழி, திருச்சூரின் புழுக்கமான 34 டிகிரியில் தோற்றுப்போக வாய்ப்புண்டு. அதுவும் ஆறேழு மணி நேரம் இரைத்து, உடலின் நீரையும் உப்பையும் இழந்த பிறகுதான் அந்தப் புழுக்கத்துக்குள் அது நுழைகிறது.

இரண்டாம் லோடு: ஒரு தேநீர்க்கடை நிறுத்தம்

இரண்டு நாள் கழித்து இரண்டாம் லோடு. ஏற்றும் நேரத்தை இரவுக்கு மாற்றியதையும் தார்ப்பாயைத் தவிர்த்ததையும் தவிர வேறெதையும் மாற்ற வேண்டாம் என்று நானே கேட்டுக்கொண்டேன். வழக்கமான முறை எங்கே பிசகுகிறது என்பதைக் கண்ணால் பார்க்க விரும்பினேன். வெப்பமும் ஈரப்பதமும் காட்டும் சிறு கருவிகள் இரண்டில் ஒன்றை ஓட்டுநர் அறைக்குப் பின்னால் இரண்டாம் வரிசையில் நான்காம் அடுக்கிலும், மற்றொன்றைக் கடைசி வரிசையில் அதே உயரத்திலும் கட்டிவைத்தேன்.

நள்ளிரவில் புறப்பட்டோம். வெளியே 28 டிகிரி. ஓட்டத்தில் பின்வரிசைக் கருவி வெளிக்காற்றையொட்டியே காட்டியது; முன்வரிசைக் கருவி அதைவிட மூன்று டிகிரி கூடுதலாகக் காட்டியது. முகத்தில் காற்றை வாங்கிக்கொண்டு போகும் முன்பக்கம்தான் குளிர்ச்சியாக இருக்கும் என்று நினைப்பது இயல்பு. ஆனால் ஓட்டுநர் அறை காற்றைக் கிழித்து இருபுறமும் தள்ளிவிடுவதால் அதன் முதுகுப்புறம் காற்று மறைவாகிவிடுகிறது. ஓடும் வண்டியின் பெட்டிகளுக்கிடையே பின்னாலிருந்து முன்னோக்கித்தான் காற்று நகர்கிறது. பின்வரிசைக் கோழிகளின் சூட்டையும் ஈரத்தையும் சுமந்துகொண்டு கடைசியில் அது வந்து சேரும் இடமே முன்வரிசை.

வாளையாருக்கு முன்னால் தேநீருக்காக நிறுத்தினார்கள். நான் இறங்கிப் போய் முன்வரிசைக் கருவியின் பக்கத்தில் டார்ச் விளக்கோடு நின்றேன். 31 டிகிரியும் 64 சதவீதமுமாக இருந்த அளவு, பத்தாவது நிமிடத்தில் 33-ஐயும் 75-ஐயும் தொட்டது. இருபத்தைந்தாவது நிமிடத்தில் 36 டிகிரி, 86 சதவீதம். பெட்டியின் ஓட்டை வழியே ஒரு கோழியின் தொண்டையைப் பார்த்துக்கொண்டே கடிகாரத்தை வைத்து எண்ணினேன்: கால் நிமிடத்தில் 41 இரைப்பு. கழுத்தை நீட்டி, கண்ணைப் பாதி மூடி, சிறகை உடலைவிட்டு விலக்கிவைக்க அது முயன்றது. பக்கத்துக் கோழியின் உடல் ஒட்டியிருந்ததால் விலக்க இடமில்லை. பெட்டியின் உயரம் ஒரு முழத்துக்கும் குறைவென்பதால் எழுந்து நிற்கவும் வழியில்லை. வெளியே இரவுக் காற்று குளுமையாக இருந்தது. நாங்கள் நின்ற இடத்திலிருந்து இரண்டடி தூரத்தில் அந்தக் கோழிகள் நடுப்பகல் வெயிலில் இருப்பதுபோல் இரைத்துக்கொண்டிருந்தன. வண்டி கிளம்பிப் பத்து நிமிடம் ஓடிய பிறகே அளவு பழைய நிலைக்கு இறங்கியது.

திருச்சூரில் அன்று 9 கோழிகள் செத்திருந்தன. அவற்றில் 6 முன்பக்கத்து மூன்று வரிசைகளைச் சேர்ந்தவை. ஒன்பதையும் அறுத்துப் பார்த்தேன். ஆறு கோழிகளில் கொண்டை நீலம் பாரித்து, நுரையீரல் இரத்தம் கட்டிக் கறுத்து, நெஞ்சுத்தசை பாதி வேகவைத்ததுபோல் வெளிறியிருந்தது. வெப்பத்தால் செத்த கோழியில் எதிர்பார்க்கும் தோற்றம் இது. மற்ற மூன்றுக்கும் வெப்பத்தோடு தொடர்பில்லை. தொடை மூட்டு நழுவி, வயிற்றுக்குள் இரத்தம் கசிந்து அவை செத்திருந்தன. அந்த மூன்றும் பண்ணையிலேயே, பிடிக்கும்போதே, சாவைத் தேடிக்கொண்டவை.

அவசரம் உண்டாக்கும் காயம் இது. பிடிப்பு ஆட்களுக்குக் கூலி லோடு கணக்கில்தான். ஒரு கையில் ஐந்து கோழிகளை, ஒவ்வொன்றையும் ஒற்றைக் காலில் பிடித்துத் தலைகீழாகத் தூக்கிக்கொண்டு ஓடும்போது, கோழியின் முழு எடையும் அடிக்கும் சிறகின் உதறலும் ஒரே தொடை மூட்டில் விழுகின்றன. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அம்மோனியா நெடியில், இரவு முழுக்கக் குனிந்தபடி செய்யும் வேலை அது. ஆனால் கூலியை இப்படிக் கணக்கிடும்வரை இரண்டு காலையும் சேர்த்துப் பிடியுங்கள் என்று சொல்வதில் பெரிய பயன் இருக்காது என்பதையும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

முன்வரிசையின் மூன்று துன்பங்கள்

இரண்டு லோடையும் சேர்த்து யோசித்தபோது ஒன்று புலப்பட்டது. காற்று குறைந்த இடம் முன்வரிசை. வண்டியில் முதலில் ஏற்றப்படுவதும் முன்வரிசையே. ஆகவே கடைசிப் பெட்டி ஏறும்வரை, ஏறத்தாழ மூன்று மணி நேரம், நிற்கும் வண்டியில் அந்தக் கோழிகள் அடைபட்டுக் கிடக்கின்றன. இறக்கும்போது பின்பக்கத்திலிருந்து தொடங்குவதால் கடைசியாக வெளியேறுவதும் அதே கோழிகள்தாம். முதல் லோடிலும் செத்தவற்றில் பெரும்பகுதி முன்பக்கத்துப் பெட்டிகளில் கிடந்ததாகக் கணக்கர் சொல்லியிருந்தார். படங்களும் அதையே காட்டின.

தீவனத்தில் வேறொரு சிக்கல். தின்ற தீவனம் செரிக்கும்போது உடலில் கூடுதல் சூடு உண்டாகிறது; தின்ற நாலைந்து மணி நேரத்தில் அது உச்சத்துக்குப் போகும். ஆகவே பிடிப்புக்கு ஐந்தாறு மணி நேரம் முன்பே தீவனத்தை நிறுத்திவிட்டு, தண்ணீரை மட்டும் கடைசிவரை வைத்திருப்பது நல்லது. இது எல்லோருக்கும் தெரியும். ஆனால் ஒப்பந்தப் பண்ணைக்காரருக்குக் கிடைக்கும் வளர்ப்புக்கூலி, பண்ணையில் போடும் எடையைப் பொறுத்தது. இரைப்பையில் இருக்கும் தீவனமும் அந்த எடையில் சேரும். வாங்குகிறவருக்கோ அது வீண் எடை. பண்ணை எடைக்குப் பிறகு சாகும் கோழி வாங்கியவர் கணக்கு. பெட்டிக்கு எத்தனை கோழி என்று தீர்மானிப்பவர் இன்னொருவர். வண்டி எங்கே நிற்கும் என்பது ஓட்டுநர் கையில். நட்டப்படுகிறவர் ஒருவர், முடிவெடுப்பவர்கள் வேறு சிலர் என்று இருக்கும்போது, கோழியின் பக்கம் நின்று பேச அந்த இரவில் யாரும் இருப்பதில்லை.

சட்டத்தைப் பொறுத்தவரை, 1960-ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் வந்த 1978-ஆம் ஆண்டு விலங்குகள் போக்குவரத்து விதிகளில், கோழிகளுக்கான பகுதி 2001-இல் சேர்க்கப்பட்டது. கோழிகளை நேரடி வெயிலில் படும்படி கொண்டுசெல்லக் கூடாது. 25 டிகிரிக்கு மேலும் 15 டிகிரிக்குக் கீழும் உள்ள வெப்பநிலையில் கொண்டுசெல்லக் கூடாது என்கிறது அது. சித்திரையிலும் வைகாசியிலும் இந்தப் பாதையில் நள்ளிரவில்கூட வெப்பம் 25 டிகிரிக்கு இறங்காத நாள்கள் பல. விதியின் நோக்கம் சரியானது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் எழுதியபடி கடைப்பிடித்தால் கோடையில் வண்டியே ஓட முடியாது என்பதால், அதை யாரும் பொருட்படுத்துவதில்லை. வெப்பத்தோடு ஈரப்பதத்தையும், வண்டி நிற்கும் நேரத்தையும் அளவுகோலாகக் கொண்ட விதி இருந்தால் கோழிக்கும் பயன், ஓட்டுநருக்கும் தெளிவு கிடைக்கும் என்பது என் கருத்து.

மூன்றாம் லோடு

மூன்றாம் லோடுக்கு முன் பண்ணைக்காரர், வாங்கும் வியாபாரி, ஓட்டுநர் மூவரையும் உட்காரவைத்துப் பேசினேன். தீவனத்தை முன்கூட்டியே நிறுத்துவதால் குறையும் எடைக்குக் கிலோவுக்கு ஒரு சிறு தொகை கூட்டித்தர வியாபாரி ஒப்புக்கொண்டார். அது இல்லாமல் மற்றவை நடந்திருக்காது. மாலை நான்கு மணிக்குத் தீவனத் தொட்டிகளைத் தூக்கிக் கட்டினோம். முந்தைய நாளிலிருந்தே குடிநீரில் உப்புக் கலவையும் வைட்டமின் சி-யும் சேர்த்திருந்தோம். அது ஓரளவு உதவும். ஆனால் மருந்துக்கடைகள் சொல்வதுபோல அதுவே கோழியைக் காப்பாற்றிவிடும் என்று நம்பி, காற்றைக் கவனிக்காமல் விடுவது தவறு.

இரவு ஒன்பது மணிக்குக் கொட்டகையின் வெள்ளை விளக்குகளை அணைத்து, மங்கலான நீல விளக்கு இரண்டை மட்டும் எரியவிட்டுப் பிடிப்பைத் தொடங்கினோம். நீல வெளிச்சத்தில் கோழிகள் சிதறி ஓடாமல் இருந்த இடத்திலேயே அமர்ந்திருந்தன. துரத்த வேண்டிய தேவையே குறைந்ததால், கைக்கு மூன்று கோழி, இரண்டு காலையும் சேர்த்து என்ற முறைக்குப் பிடிப்பு ஆட்களும் இசைந்தார்கள். கூலியைச் சற்றுக் கூட்டிக் கொடுத்ததும் அதற்குக் காரணம். பெட்டிக்குப் பத்துக் கோழி. பத்து வரிசைக்குப் பதில் ஒன்பது. அதனால் மிஞ்சிய இரண்டடியில் ஓரடியை ஓட்டுநர் அறைக்குப் பின்னாலும் ஓரடியை வண்டியின் நடுவிலும் காற்றுக்கு விட்டோம். கொட்டகையில் இருந்த பெரிய நிலை மின்விசிறிகள் இரண்டை வெளியே இழுத்து, ஏறிக்கொண்டிருக்கும் பெட்டிகளைப் பார்த்துத் திருப்பிவைத்தோம். மேலே தார்ப்பாய் இல்லை. விடிந்துவிட்டால் விரிக்க நிழல்வலை ஒன்றைச் சுருட்டி வைத்துக்கொண்டோம்.

எடைமேடைக்கு முன்கூட்டியே சொல்லிவைத்திருந்ததால் ஐந்து நிமிடத்தில் வேலை முடிந்தது. ஓட்டுநர் புறப்படும் முன்பே பண்ணையில் சாப்பிட்டுவிட்டார். தேநீரைக் குடுவையில் எடுத்துக்கொண்டோம். திருச்சூர் வரை வண்டி எங்கும் நிற்கவில்லை. முன்வரிசைக் கருவி 31 டிகிரியைத் தாண்டவேயில்லை. இறக்குமிடத்தில் பக்கவாட்டுக் கதவுகளைத் திறந்து முன்வரிசைப் பெட்டிகளை முதலில் இறக்கச் செய்தேன். ஆட்கள் முதலில் தயங்கினாலும் கூடுதல் சிரமம் எதுவும் இருக்கவில்லை. 1,080 கோழிகளில் 2 செத்திருந்தன. அறுத்துப் பார்த்ததில் ஒன்றுக்கு ஏற்கெனவே வயிற்றில் நீர் கோத்திருந்தது. மற்றொன்று வெப்பத்தால் செத்தது.

ஒரே நேரத்தில் பலவற்றை மாற்றியதால், எந்த மாற்றம் எத்தனை கோழியைக் காப்பாற்றியது என்று இந்த மூன்று லோடுகளை வைத்து யாரும் பிரித்துச் சொல்ல இயலாது. இரண்டாம் லோடில் பெட்டிக்குப் பன்னிரண்டு கோழி இருந்தும் சாவு 61-லிருந்து 9-ஆகக் குறைந்ததால், இரவுப் பயணமும் தார்ப்பாய் இல்லாததும்தான் பெரும்பங்கு என்று ஒருவர் வாதிட்டால் நான் மறுக்க மாட்டேன். ஆனால் அந்தத் தேநீர்க்கடை வாசலில் இருபத்தைந்து நிமிடத்தில் ஐந்து டிகிரி ஏறியதைக் கண்ணால் பார்த்தவன் என்ற முறையில், செலவே இல்லாமல் செய்யக்கூடிய மாற்றங்களில் முதலிடத்தை வண்டியை நிறுத்தாமைக்குத்தான் கொடுப்பேன்.

செலவுள்ள மாற்றம் என்றால் அது கோழி எண்ணிக்கையைக் குறைத்ததுதான். ஒரு லோடுக்கு 360 கோழிகள் குறைந்தால் வாடகை கிலோவுக்கு மூன்றில் ஒரு பங்கு கூடுகிறது. முதல் லோடில் செத்த 61 கோழிகள் 128 கிலோ. அது தினந்தோறும் நடப்பதில்லை, வாடகையோ தினந்தோறும் கொடுக்க வேண்டியது என்பது வியாபாரியின் கணக்கு. பெட்டிக்குப் பதினொன்று, அதுவும் கத்திரி வெயில் முடியும்வரை மட்டும் என்று அவர் இப்போது ஒத்துக்கொண்டிருக்கிறார். ஓட்டுநர் அறைக்குப் பின்னால் ஓரடி இடைவெளி விடுவதற்கு அவர் எந்த மறுப்பும் சொல்லவில்லை.

இறக்குமிடத்தில் இன்னும் கூரையில்லை. இரண்டு வண்டிகள் ஒன்றாக வந்தால் ஒன்று வெட்டவெளியில்தான் நிற்க வேண்டும். வியாபாரியின் கணக்கர் இப்போது வண்டி வாளையாரைத் தாண்டியதும் தொலைபேசியில் கேட்டு, இடம் இல்லையென்றால் ஓட்டுநரை வேகத்தைக் குறைத்து ஓடியபடியே வரச் சொல்கிறார். சுவரோரம் இரண்டு மின்விசிறிகள் வைக்க மின் இணைப்புக்கு விண்ணப்பித்திருப்பதாகவும் சொன்னார்.